அந்த ஏழு மீன்பிடிப் படகுகள் நாவலில் எங்கே?

2024 மே 5, ஞாயிறு

எங்கள் வாசிப்புக் குழுவில் பெரம்பூர் நண்பர் நேற்று இப்படி எழுதினார்: "கடற்கொள்ளைக்காரி நாவலை முடித்துவிட்டேன். பிரமாதம். அவள் பணக்காரக் கப்பல்களை மட்டும்தான் பிடிக்கிறாள். ஏழையின் பொருளில் கை வைப்பதே இல்லை. அதனால் அவளைக் கொள்ளைக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வீராங்கனை என்றுதான் சொல்வேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நான் நேர்மாறாக நினைக்கிறேன். எனக்கு நாவல் சறுக்கியது அந்த இடத்தில்தான்.

நாயகி யாரை வைத்து எழுதப்பட்டவள் என்பது நமக்குத் தெரியும். ஆன் போனி, மேரி ரீட் என்ற இருவர், 1720இல் ஜான் ராக்கம் என்பவனின் கப்பலில் கரீபியக் கடலில் திரிந்தவர்கள். ஆசிரியர் இருவரையும் சேர்த்து ஒருத்தியாக்கிவிட்டார். அது அவர் உரிமை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் மேல் நடந்த வழக்கின் விசாரணை அறிக்கை 1721இல் ஜமைக்காவிலேயே அச்சாகி இருக்கிறது. அதில் முதல் குற்றச்சாட்டு எது என்று பாருங்கள். 1720 செப்டம்பர் 3, பஹாமாஸ் பக்கம் ஹார்பர் தீவுக்கு அருகே ஏழு மீன்பிடிப் படகுகளை மறித்தார்கள். பிடித்து வைத்திருந்த மீனையும் வலைகளையும் பறித்தார்கள். மொத்த மதிப்பு 10 பவுண்டு.

ஏழு படகு. பத்து பவுண்டு. நாவல் 400 பக்கத்துக்கு மேல். அதில் இந்த ஏழு படகுக்கு ஒரு வரி கூட இல்லை.

நான் ராயபுரத்தில் பிறந்தவள். தாத்தா கட்டுமரம் ஓட்டியவர், அப்பா துறைமுக வேலைக்கு வந்தவர், சித்தப்பா இன்றும் காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கிறார். அதனால் அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது.

2024 மே 5, இரவு

பகலில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். நாவல் மோசம் என்று நான் சொல்லவில்லை. முதல் அத்தியாயத்துப் புயலை இரண்டு தடவை படித்தேன். பாயைச் சுருட்டும்போது நனைந்த துணி நகத்தைப் பெயர்ப்பது மாதிரி ஒரு வர்ணனை வருகிறதே, அதை எழுதியவர் ஈரக் கயிற்றைக் கையில் பிடித்தவராகத்தான் இருக்க வேண்டும். சண்டைக் காட்சிகளும் நன்றாக இருக்கின்றன. அப்படி எழுதத் தெரிந்தவர் ஏன் இதை விட்டார் என்பதுதான் என் ஆதங்கம்.

2024 மே 7, செவ்வாய்

கொளத்தூர் தம்பி கேட்டது: "அக்கா, அவ்வளவு ஆம்பளைங்க நடுவுல ஆறு மாசம் ஆண் வேஷத்தில யாருக்கும் தெரியாம எப்படி இருந்தா? குளிக்கணும், மத்ததெல்லாம் இருக்கு. நம்பவே முடியல."

நம்ப முடியாமல் போவது சரிதான் தம்பி. அப்படி எதுவும் நடக்கவில்லை.

கப்பலை முதலில் பாருங்கள். ராக்கம் 1720 ஆகஸ்டில் நாசாவ் துறையிலிருந்து திருடியது 'வில்லியம்' என்ற ஒற்றைப் பாய்மரக் கப்பல். கொள்ளளவு ஏறக்குறைய 12 டன். நான் 22 வருஷமாகப் பாரிமுனையில் கிளியரிங் ஆபீசில் இருக்கிறேன். 20 அடி கன்டெய்னர் ஒன்றே 20 டன்னுக்கு மேல் சரக்கு தாங்கும். ஆக, அந்தக் கொள்ளைக் கப்பலின் மொத்தச் சரக்கும் அரைக் கன்டெய்னர்தான்! அதற்குள் நாலு பீரங்கி, இரண்டு சுழல் துப்பாக்கி, அப்புறம் ஒரு டஜன் ஆட்கள். நாவலில் நாயகிக்குத் தனி அறை, கண்ணாடி, தாழ்ப்பாள் எல்லாம் வருகிறது. 12 டன் கப்பலில் தாழ்ப்பாள் போட்ட அறைக்கு எங்கே போவது?

அடுத்து, பஹாமாஸ் ஆளுநர் வூட்ஸ் ரோஜர்ஸ் 1720 செப்டம்பர் 5ஆம் தேதி ராக்கமின் ஆட்களைக் கொள்ளையர் என்று அறிவித்து ஒரு பிரகடனம் விட்டார். அதிலேயே இரண்டு பெண்களின் பெயரும் பச்சையாக இருக்கிறது. கப்பல் திருடுபோய் இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கரையில் இருந்த ஆளுநருக்கே தெரிந்த விஷயம் கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியாதா?

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. விசாரணையில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மொழிபெயர்ப்பாளர் மூலம் சாட்சி சொன்னார்கள். ஏதாவது கப்பலைத் துரத்தும்போதும் தாக்கும்போதும் அந்தப் பெண்கள் ஆண் உடை போட்டுக்கொள்வார்கள், மற்ற நேரத்தில் பெண் உடையில்தான் இருப்பார்கள் என்றார்கள். ஆண் உடை அவர்களுக்கு வேஷமே இல்லை. வேலைக்குப் போடும் உடை, அவ்வளவுதான்.

காசிமேட்டில் மீன் இறக்கும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். செதிலும் ஐஸ் தண்ணீரும் தெறிக்கும் வேலை அது. அவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள்?

2024 மே 8, புதன்

நேற்றுச் சொன்னதில் ஒரு திருத்தம். குழுவின் மூத்தவர், கப்பல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், போன் செய்து சொன்னார்: "அம்மா, அந்தக் காலத்து டன்னை எடையாக எடுத்துக்கொள்ளாதே. அது பீப்பாய்க் கணக்கு." கப்பலில் எத்தனை பெரிய மதுப் பீப்பாய் ஏற்றலாம் என்பதிலிருந்து வந்த அளவாம். ஆபீசில் தினமும் எழுதும் வார்த்தைக்கு மூலம் பீப்பாய் என்பது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. ஆக, கன்டெய்னர் ஒப்பீடு துல்லியம் இல்லை. ஆனாலும் கப்பல் சின்னது என்பதில் மாற்றமில்லை. தாழ்ப்பாள் கேள்வி அப்படியே இருக்கிறது.

2024 மே 12, ஞாயிறு

இன்று மாலை பழைய வண்ணாரப்பேட்டை மொட்டை மாடியில் கூடினோம். அக்னி நட்சத்திரம், ஆறு மணிக்கும் தரை கொதித்தது. பாயை நனைத்துப் போட்டு உட்கார்ந்தோம். ஒன்பது பேர். அங்கே பேசியதில் எனக்கு நினைவில் நின்றதை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணா நகர் அக்காவுக்கு நாவல் முழுக்கப் பிடித்திருக்கிறது. "கல்யாணமாகி முப்பது வருஷம் ஒரே வீட்டு ஜன்னலைப் பார்த்தவளுக்கு, ஒரு பொம்பள கப்பல் முனையில நின்னா போதும்மா. வரலாறெல்லாம் நீ பார்த்துக்கோ" என்றார். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது என்று தோன்றியது.

பெரம்பூர் நண்பர் பூங்குழலியை இழுத்தார். நமக்கு ஏற்கெனவே ஒரு கடல் பெண் இருக்கிறாள், 'பொன்னியின் செல்வ'னில் கோடிக்கரையிலிருந்து வந்தியத்தேவனை இலங்கைக்குப் படகில் கொண்டுபோனவள், அவளும் தனியாகத்தானே கடலில் திரிகிறாள், அவள் யாரிடம் திருடினாள் என்றார். நல்ல கேள்வி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். பூங்குழலியை நான் பன்னிரண்டு வயதிலிருந்து நம்புவதற்குக் காரணம் அவளுடைய துடுப்பு. படகு அவளுடைய அன்றாடம். கடலில் அவளுக்கு வழி தெரியும், கரையில் அவளுக்கு வீடு இருக்கிறது. நம் நாவலின் நாயகிக்குக் கப்பல் ஒரு மேடை மாதிரி. ஏறி நிற்கிறாள், வசனம் பேசுகிறாள், இறங்குகிறாள்.

அந்தக் கடைசி வசனம் இருக்கிறதே, தூக்குக்குப் போகும் ராக்கமிடம் 'நீ ஆண்பிள்ளையாகச் சண்டை போட்டிருந்தால்' என்று அவள் சொல்வது, அதைப் படித்துவிட்டு மாடியில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அது விசாரணை அறிக்கையில் கிடையாது. 1724இல் லண்டனில் வந்த கடற்கொள்ளையர் வரலாற்றுப் புத்தகத்தில்தான் முதலில் வருகிறது. மேரி ரீட் சின்ன வயதிலிருந்தே ஆண் பிள்ளையாக வளர்க்கப்பட்டாள், பட்டாளத்தில் இருந்தாள் என்ற கதைகளும் அங்கிருந்து வந்தவைதான். அந்தப் புத்தகம் பரபரப்பாக விற்ற புத்தகம். நம் ஆசிரியர் அதை முழுசாக நம்பி, 1721 அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

2024 மே 18, சனி

காசிமேடு போய்வந்தேன். தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. துறை முழுக்க படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. சில படகுகளைக் கரையேற்றி அடிப்பலகை சுரண்டுகிறார்கள். பெயின்ட் வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து அடித்தது.

சித்தப்பாவின் ஃபைபர் படகுக்குத் தடை இல்லை, கரையோரம் போய்வரலாம். ஆனால் அன்று அவர் போகவில்லை. தார்ப்பாய் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் கிழிந்த கண்ணியை விரித்துப் பிடிக்கிறார். வலது கையில் நூல் சுற்றிய வலை ஊசி. மேலிருந்து ஒரு குத்து, சுற்றி ஒரு முடிச்சு, பல்லுக்கு இடையில் நூலை இழுத்து ஒரு இறுக்கு. ஒரு கண்ணி முடிந்தது. மறுபடி அடுத்தது. நான் அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு முழம் கூட முடியவில்லை. இடது கை ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பு வரிசையாக இருக்கிறது. சின்ன வயதில் அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

"என்னம்மா, புத்தகம் கையில வச்சிருக்க?"

கடல் கொள்ளைக்காரி கதை என்றேன். சிரித்தார். "நம்ம பக்கம் கொள்ளைக்காரன் வேணாம்மா. ராத்திரி லைட்டு போடாம ஒருத்தன் குறுக்கால போனா போதும்."

அது 2016இல் நடந்தது. இரவில் வலை விட்டுவிட்டுக் காத்திருந்தபோது ஒரு பெரிய படகு குறுக்கே ஓடி, இருந்த வலையில் பாதியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. யார் படகு என்று கடைசி வரை தெரியவில்லை. அந்த வலையைக் கடன் வாங்கித்தான் வாங்கியிருந்தார். கடனை அடைக்க மூன்று வருஷம் ஆனது. சித்தி அந்த மூன்று வருஷமும் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, தலையில் சும்மாடு வைத்துக் கூடை சுமந்து, ராயபுரம் தெருத் தெருவாக விற்றார். அவருடைய கழுத்து வலி அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

ஏழு படகு, பத்து பவுண்டு என்று நான் முதல் நாள் எழுதியபோது மனதில் இருந்தது இதுதான். அன்றைக்கு இதை எழுதக் கூச்சமாக இருந்தது.

2024 மே 19, ஞாயிறு

ஒரு திருத்தத்தை நானே செய்கிறேன். அறிக்கையை மறுபடி படித்தேன். அதில் மீனும் மீன்பிடிச் சாமான்களும் என்றுதான் இருக்கிறது. 'வலை' என்ற சொல் இல்லை. தூண்டில் கயிறாகவும் இருக்கலாம். வலை என்று முதல் நாள் நான் எழுதியது என் வீட்டு நினைவில் வந்தது. திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பெரம்பூர் நண்பர் நீண்ட பதில் அனுப்பியிருக்கிறார். சித்தப்பா கதைக்கு வருத்தப்பட்டிருக்கிறார், நன்றி. ஆனால் அவர் வாதம் மாறவில்லை. "இந்த இரண்டு பெண்கள் சில்லறை ஆட்கள். சீனாவில் ஒருத்தி பெரும் படையே வைத்திருந்தாளே, அவளைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" என்கிறார்.

அவர் சொல்வது ஜெங் யீ சாவ். பெயரே முறைச் சொல்தான். ஜெங் யீ என்பவரின் மனைவி என்று பொருள். 'சாவ்' என்பது நம் 'அண்ணி' போல. 1807இல் கணவர் இறந்ததும் தென் சீனக் கடலின் கொள்ளைக் கூட்டணியைக் கையில் எடுத்தார். அரசுப் படையும் போர்த்துகீசியரும் சேர்ந்து முயன்றும் அடக்க முடியவில்லை. 1810இல் பேரம் பேசிச் சரணடைந்தார். ஆயுதம் எதுவும் இல்லாமல், பெண்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கான்டனில் ஆளுநரைப் பார்க்கப் போனார். 17,000க்கு மேற்பட்ட ஆட்கள், 200க்கு மேற்பட்ட கப்பல்கள் அந்தச் சரணில் வந்தன. அவர் 1844 வரை உயிரோடு இருந்தார். சரித்திரத்தில் இதற்கு ஈடாக இன்னொரு பெண் கொள்ளைத் தலைவி இல்லை.

ஆனால் அந்தப் படையின் வருமானத்தில் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது? பாதுகாப்புச் சீட்டு விற்று வந்தது. உப்புப் படகு, சரக்குப் படகு, மீன்பிடிப் படகு, எல்லாம் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாத படகுக்குக் கதி இல்லை. நம் ஊரில் மாமூல் என்போம். அண்ணியின் கூட்டத்துக்கும் மீனவன் மாமூல் கட்டினான்.

2024 மே 26, ஞாயிறு

ஒரு வாரமாக எதிர்த் திசையில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதையும் எழுத வேண்டும்.

ஜெங் யீ சாவின் ஆட்களில் பெரும்பாலோர் யார்? மீன் கிடைக்காத மாதங்களில் வேறு வழியில்லாமல் சேர்ந்த மீனவர்கள். கொள்ளையடித்தவனும் மீனவன், பறிகொடுத்தவனும் மீனவன். 'கொள்ளையர் எதிர் ஏழைகள்' என்று நான் கோடு கிழித்தது அவ்வளவு நேராக இல்லை.

ஜமைக்காவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 1720 அக்டோபரில் ராக்கம் பிடிபட்ட அன்று, கடலாமை பிடிக்கப் போன ஒன்பது பேர் அந்தப் பக்கம் ஒரு சின்னப் படகில் வந்தார்கள். ராக்கம் அவர்களைக் கூப்பிட்டு, ஒரு கிண்ணம் பஞ்ச் குடித்துவிட்டுப் போங்கள் என்றான். ஏறினார்கள். அதே நேரத்தில், கொள்ளையரைப் பிடிக்க உத்தரவு பெற்றிருந்த ஜோனதன் பார்னட்டின் கப்பல் வந்து மடக்கியது. 1721 ஜனவரியில் அந்த ஒன்பது பேரையும் கொள்ளையர் என்று தீர்ப்பளித்து, பிப்ரவரியில் ஆறு பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒரு கிண்ணம் பஞ்ச்.

அந்தப் பஞ்ச் என்ற சொல்லும் நம் பக்கத்து 'பஞ்ச'தான் என்று பலர் சொல்வார்கள். ஐந்து பொருள் கலந்த பானம் என்று கணக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்காரர்கள் சாராயம், சர்க்கரை, எலுமிச்சை என்று இங்கே குடித்துப் பழகியதை உலகமெல்லாம் கொண்டுபோனார்கள்.

பெண்கள் இருவருக்கும் 1720 நவம்பர் 28 அன்று தீர்ப்பு. ராக்கமைப் பத்து நாள் முன்னதாகவே தூக்கில் போட்டுவிட்டார்கள். இருவரும் கர்ப்பம் என்றார்கள், தண்டனை நின்றது. மேரி ரீட் சிறையிலேயே இறந்தார். 1721 ஏப்ரல் 28 என்று அடக்கம் செய்த பதிவு இருக்கிறது. ஆமை பிடித்தவர்களுக்குச் சொல்லிக்கொள்ள எந்தக் காரணமும் இருக்கவில்லை.

நாவலில் இந்த ஒன்பது பேர் 'போதையில் பாடும் மாலுமிகள்' என்று ஒரே வாக்கியத்தில் வந்து போகிறார்கள். 371ஆம் பக்கம். போய்ப் பாருங்கள்.

2024 ஜூன் 1, சனி

அட்டைப்படம் பற்றிக் கொளத்தூர் தம்பி கோபமாக எழுதியிருக்கிறான். பஸ்ஸில் வெளியே எடுக்க முடியவில்லையாம், காலண்டர் தாளில் அட்டை போட்டுப் படித்தானாம். பொத்தான் திறந்த சட்டை, காற்றில் முடி, கையில் கத்தி. அவன் கோபம் நியாயம். இது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1724 லண்டன் புத்தகத்தின் படத்தில் இருவரும் சட்டையும் கால்சட்டையுமாக ஒழுங்காக நிற்கிறார்கள். அடுத்த வருஷமே டச்சு மொழிபெயர்ப்பு வந்தபோது மார்பைத் திறந்து வரைந்துவிட்டார்கள். முந்நூறு வருஷத்தில் அட்டை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

2024 ஜூன் 4, செவ்வாய்

இன்று தேர்தல் முடிவு. ஆபீசில் டிவி, குழுவில் முழுக்க அதே பேச்சு. நாவலுக்கு லீவு.

2024 ஜூன் 9, ஞாயிறு

கூட்டத்தில் இன்று என்னைப் பேசச் சொன்னார்கள். பேசியதைச் சுருக்கி எழுதச் சொல்லி அண்ணா நகர் அக்கா கேட்டார். சுருக்க வரவில்லை. ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் பேசினேன்: டோரதி தாமஸ்.

ஜமைக்காவின் வடகரையில் ஒரு சிறு தோணியில் உணவுப் பொருட்களை ஏற்றிக்கொண்டு போன பெண். ராக்கமின் ஆட்கள் மறித்து, இருந்ததில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார்கள். அவர் நீதிமன்றத்தில் வந்து சொன்னதுதான் அந்த இரு பெண்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிக நெருக்கமான சித்திரம். ஆண்களின் மேல்சட்டை, நீளக் கால்சட்டை, தலையைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை, ஒவ்வொருத்தி கையிலும் வெட்டரிவாளும் கைத்துப்பாக்கியும். மார்பைப் பார்த்துப் பெண்கள் என்று தெரிந்துகொண்டேன் என்கிறார். அப்புறம் சொல்கிறார்: அந்தப் பெண்கள்தான் ஆண்களைத் திட்டி, இவளைக் கொன்றுவிடுங்கள், விட்டால் நமக்கு எதிராகச் சாட்சி சொல்ல வருவாள் என்று கத்தினார்கள்.

ஆண்கள் கொல்லவில்லை. அவர் சாட்சி சொல்ல வந்தார்.

இதை மாடியில் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை. அண்ணா நகர் அக்கா மெதுவாக, "அவ கணக்குப் போட்டது சரியாத்தான் இருந்திருக்கு" என்றார். ஆமாம். அந்தப் பெண்கள் பயந்தது போலவே நடந்தது. கப்பலில் அவர்களுக்கு எவ்வளவு தெளிவாக யோசிக்கத் தெரிந்திருக்கிறது! பிரெஞ்சுக்காரர்களின் சாட்சியில் ஆன் போனி ஆண்களுக்கு வெடிமருந்து எடுத்துக் கொடுக்கிறார். தாமஸ் டில்லன் என்ற கப்பல்காரர், கப்பலில் எந்த வேலைக்கும் அவர்கள் முந்திக்கொண்டு நின்றார்கள் என்கிறார். இவை எல்லாம் சேர்ந்தால் வரும் பெண், நாவலின் நாயகியை விடப் பெரியவள். நல்லவள் என்று சொல்லவில்லை. கையில் வேலை தெரிந்தவள், பயம் தெரிந்தவள், இன்னொரு பெண்ணைக் கொல்லச் சொல்லக்கூடியவள்.

நாவலில் இந்தக் காட்சி இருக்கிறது. ஆனால் நாயகி தோணிக்காரியைக் காப்பாற்றுகிறாள்! துப்பாக்கியைத் தட்டிவிட்டு, "ஒரு பெண்ணின் மேல் கை வைக்காதே" என்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. டோரதி தாமஸ் நீதிமன்றத்தில் நின்று சொன்னதை 300 வருஷம் கழித்துத் திருப்பி எழுதிவிட்டார்கள். பொருளைப் பறிகொடுத்து, உயிர் பிழைத்து, ஊரறியச் சொன்னவரின் வாய்க்குள் வேறு வார்த்தையைத் திணித்த மாதிரி இருக்கிறது.

பெரம்பூர் நண்பர் எழுந்து, "நான் எழுதிய 'ஏழையைத் தொடவில்லை' என்ற வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நாவல் எனக்குப் பிடித்தது, அதை எடுத்துக்கொள்ள மாட்டேன்" என்றார். எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். புயல் அத்தியாயத்தை நானே இன்னொரு முறை படிக்கப் போகிறேன்.

மூத்தவர் ஒன்று கேட்டார்: அப்படியானால் யார் கண் வழியாக இந்தக் கதையை எழுதலாம்? சட்டென்று தோணி என்றேன். தோணியில் உட்கார்ந்திருப்பவளிடமிருந்து ஆரம்பிக்கலாம். வாழைத்தாரோ கிழங்கோ, என்ன ஏற்றியிருந்தாளோ அதை யாருக்குக் கொண்டுபோனாள், எவ்வளவுக்கு வாங்கியது, ஏறக்குறைய வெறும் தோணியோடு வீடு திரும்பி என்ன சொன்னாள். அப்புறம் நீதிமன்றத்துக்குக் கிளம்பிய காலையில் என்ன உடுத்தினாள். கடைசியில் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது எதிரில் இரண்டு பெண்களும் சாதாரணப் பெண்கள் மாதிரி நிற்பதைப் பார்க்கிறாள். அந்தக் காட்சிக்காக நான் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் படிப்பேன்.

2024 ஜூன் 10, திங்கள்

நேற்று விட்டுப்போனது. ஸ்பென்லோ என்பவரின் கப்பலிலிருந்து ராக்கம் கூட்டம் எடுத்தது என்ன தெரியுமா? புகையிலை 50 சுருள், ஜமைக்கா மிளகு 9 மூட்டை. படிக்கும்போது எங்கள் ஆபீஸ் சரக்குப் பட்டியல் மாதிரியே இருந்தது. நாவலில் அது தங்கப் பேழை.

2024 ஜூன் 15, சனி

நேற்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. விடியற்காலை மூன்று மணிக்குச் சித்தப்பாவோடு காசிமேட்டில் நின்றேன். ஒவ்வொரு விசைப்படகாக எஞ்சினைக் கிளப்பி, கற்பூரம் காட்டி, விளக்கைப் போட்டுக்கொண்டு துறை வாயில் வழியாக வெளியே போனது. ஐஸ் வண்டிகள், டீசல் கேன்கள், தலையில் துண்டு கட்டிய பையன்கள். சித்தி டீ வாங்கி வந்தார்.

வெளிச்சம் வரும் வரை உட்கார்ந்திருந்தோம். நான் தமிழில் எழுதி வைத்திருந்த டோரதி தாமஸின் சாட்சியை போன் வெளிச்சத்தில் இருவருக்கும் வாசித்துக் காட்டினேன். முதல் குற்றச்சாட்டையும் வாசித்தேன்.

சித்தி டோரதியைப் பற்றிக் கேட்டார். "அந்தம்மா அதுக்கப்புறம் தோணி எடுத்தாளா?" அறிக்கை அதைச் சொல்லவில்லை என்றேன். "எடுத்திருப்பா. எடுக்காம?" என்றார்.

சித்தப்பா ஏழு படகிலேயே நின்றுவிட்டார்.

"பேரு போட்டிருக்கா?"

ஸ்பென்லோ பெயர் இருக்கிறது, டில்லன் பெயர் இருக்கிறது, மீனவர்கள் பெயரை நான் படித்ததில் காணவில்லை என்றேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் துறை வாயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "படகுக்காவது பேரு இருந்திருக்கும்மா" என்றார்.

2024 ஜூன் 16, ஞாயிறு

நாவல் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்து யாருக்கு வேண்டும்? 371ஆம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், அழிக்க வேண்டாம்.